ஓர் எழுத்து கூடிய எண்ணெய்

சேசு மரி சூசை

திருச்சிராப்பள்ளி,
24-4-1961

அன்பு மகள் லூர்துராணிக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் சௌக்கியம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்விதமே இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். வியாகுலம்மாள் அத்தைக்குக் கவலைக்கிடம் என்று நான் கொடுத்த தந்தியை இத்துடன் ரத்து செய்ததாகக் கருதவும். அத்தை பிழைத்துவிட்டாள். சாகக் கிடந்தவளுக்குப் பூசிய அவஸ்தைப்பூசுதல் எண்ணெய் செல்லுமா செல்லாதா என்பதே இப்போது வீட்டில் நடக்கும் வழக்கு.

பெரிய வியாழனன்று பிஷப் மேற்றிராணியார் மந்திரித்த புதிய தைலங்கள் பங்குக்கு வந்துவிட்டால், சென்ற ஆண்டுத் தைலத்தைக் கண்ட இடத்தில் கொட்டாமல் மரியாதையாக எரித்துவிட வேண்டும் என்பது நீ அறிந்த விதி. அந்த மரியாதையின் வகையை நிர்ணயிக்கப் பங்குக் கமிட்டி கூடியது. தலைவர் தைரியராஜ், ரயில்வே ஹெட் கிளார்க், காவிரியில் விட்டுவிடலாம் என்றார். பங்குச் சாமியார், "அம்மா மண்டபத்துல முழுகுற அத்தனை ஐயங்காருக்கும் சேர்த்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதன்பின் பீடத்து விளக்கில் ஊற்றி எரிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று, வாசகம் என்னுடையது, அதில் பிழையில்லை. பிழை குப்பியில் நேர்ந்தது. நோயாளிகளுக்குப் பூசும் தைலக் குப்பிகள் பழையது புதியது இரண்டிலும் அதன் இலத்தீன் பெயரின் முதலெழுத்துகளாக ஓ, ஐ என்ற இரண்டு மட்டுமே பொறித்திருக்கும். ஆங்கிலத்தில் ஆயிலுக்கு மூன்றெழுத்து என்று அறிந்த தைரியராஜ், மேற்றிராணியார் வீட்டில் எல் விட்டுப்போயிற்றே என்று வருந்திப் புதிய குப்பியில் சிவப்பு மையால் அதையும் சேர்த்துவிட்டார். கோவில்பிள்ளை அற்புதசாமி ஆயில் என்றிருந்ததை விளக்குக்கென்று எடுத்து வந்தார், இரண்டெழுத்துக் குப்பியை நோயாளிகளுக்கென்று பூட்டி வைத்தார். ஆகவே தூபமும் மெழுகுவர்த்தியும் சகிதம் நாங்கள் மரியாதையுடன் எரித்தது புதிய எண்ணெயை.

அடுத்த வாரம் அத்தைக்கு மூச்சு இழுத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். சாமியார் வந்து குப்பியைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தது, அப்போதுதான் எல்லாம் வெளிப்பட்டது. ஜெபம் சொல்ல வந்திருந்த தைரியராஜ், "ஸ்பெல்லிங் தப்பா இருந்தா கோவிலுக்குத்தானே சாமி கேவலம்?" என்றார். அவசியம் நேர்ந்தால் பழைய தைலமும் செல்லும் என்ற விதி உண்டென்று எனக்குத் தெரியும், ஆனால் திருச்சபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியும் பக்கம் அகப்படவில்லை. அத்தை கண்ணைத் திறந்து, "தம்பி, சட்டத்த அப்புறமா படிச்சுக்க, இருக்கறதப் பூசச் சொல்லு. நான் போயிட்டா உன் விதிய யாருக்குப் பூசுவ?" என்றாள். பூசினார்கள். மாலையில் கஞ்சி கேட்டாள், உப்புக் குறைவு என்றும் சொன்னாள்.

எழுந்து உட்கார்ந்தவள் இப்போது, "ஊருக்கெல்லாம் புதுசு, எனக்கு மட்டும் போன வருஷத்துப் பழசா? திரும்பப் பூசணும்" என்று பிடிவாதம் செய்கிறாள். ஒரே வியாதிக்கு இருமுறை பூசலாகாது, குணமாகி மறுபடி விழுந்தால் மட்டுமே உண்டு என்று விதியைத் தெளிவாக எடுத்துரைத்தேன். எடுத்துரைத்திருக்கக் கூடாது. புதிய குப்பி வியாழக்கிழமை வருகிறதென்று விசாரித்து அறிந்துகொண்டு, "அப்ப வெள்ளிக்கிழமை படுத்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் மூவரையும் தேவமாதா காப்பாளாக. அங்கே வெயில் கடுமை என்று கேள்வி, குழந்தையை நடுப்பகலில் வெளியே தூக்காதே. மறவாமல் அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, என் சொல்லுக்கு அவள் கட்டுப்படுவதில்லை. வெள்ளிக்கிழமை அம்மா விரால் மீன் குழம்பு வைக்கிறாள், அதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்.

உங்கள் க்ஷேமமே கோரும் தகப்பன்,
ச. அமிர்தராஜ்