வெலெத்தெ மரியம் என்கிற செனாய்த்

சுந்த்ஸ்வால்,
மார்ச் 2017, நோன்புக் காலம்.

கெரெனில் இருக்கும் லெம்லெமுக்கு ஹிரித்தி எழுதுவது. மாதா உன்னையும் உன் வீட்டாரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் கொடுத்த குரு கெஷி ஹப்தே. குழந்தையின் தகப்பன், என் மருமகன் அஸ்மெரொம். பெண் குழந்தைக்கு எதற்கு ஆடு என்று முணுமுணுத்துவிட்டு, அந்த ஆட்டின் தொடையை முதலில் கேட்டு வாங்கித் தின்ற என் கொழுந்தன் ஒக்பாஸ்கி. கூடை நிறைய எலபெரெத் ஆரஞ்சு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஸைனப். குளிர் நாட்டிலிருந்து புதுச் செருப்போடு வந்திருந்த நான். குழந்தையைத் தொட்டியருகே ஏந்தி நின்ற ஞானத்தாய், நீ. எண்பது நாள் குழந்தை செனாய்த். அவளைப் பெற்ற என் மகள் மெப்ரத்.

ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. விட்டுப்போயிருந்தால் சொல். சொல்ல மாட்டாய், ஏனென்றால் உனக்கு நேற்றுத் தின்றதே நினைவிருக்காது.

இத்தனை வருடம் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீயும்தான் எழுதவில்லை. எங்கள் வீட்டில் துக்கம் நடந்தபோது நீ உன் வாசலில் உட்கார்ந்து மூன்று நாள் அழுததாக ஸைனபின் மருமகள் சொன்னாள். அழுதாய், சரி. ஒரு வரி எனக்கு எழுதினாயா? அது கிடக்கட்டும். போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லையாம். கேட்டால் ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்வாய். அதனால்தான் கடிதம். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. படிக்கத் தெரிந்த வேறு யாரிடமும் கொடுக்காதே.

செனாய்த்துக்கு இங்கே தங்கவும் வேலை செய்யவும் அனுமதி வந்துவிட்டது. அந்தக் காகிதம் வந்த அன்று நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். அவளோ சன்னல் பக்கம் போய், கழுத்தில் கட்டிய ஞானஸ்நானக் கயிற்றை விரலால் சுற்றிக்கொண்டே வெளியே கொட்டுகிற பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கட்டிய கயிறு நைந்து போய், நான் வேறு மாற்றிக் கட்டியிருக்கிறேன். நிறம் அதேதான்.

எனக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு அனுமதி வந்தது. அப்போது உனக்கும் எனக்கும் நரை கிடையாது. பழைய அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். படத்தில் தலைமேல் வெள்ளை நெட்செலாத் துணி, முகத்தில் திருட்டு முழி. மறு வாரமே ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்தேன். உலர்த்தும் பொறியிலிருந்து விரிப்பை எடுக்கும்போது ஒரு சூடு வரும் பார், முகத்தை அதில் வைத்துக்கொள்வேன். கெரெனில் வேலிமேல் காயப்போட்ட நெட்செலாவை வெயில் இறங்கும்போது எடுப்போமே, அந்தச் சூடு. என்னோடு மடித்த குன்வோர் அதைப் பார்த்துவிட்டு, விரிப்போடு தூங்குவதற்கும் இங்கே சம்பளம் உண்டா என்று கேலி செய்வாள். அந்த குன்வோர் இன்னும் எதிர் வீட்டில்தான் இருக்கிறாள். உன்னைவிட வாய் நீளம். ஆனால் கூப்பிட்டால் வருவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் முதியோர் விடுதி ஒன்றில் தாதி வேலைக்கு ஆள் இல்லை. செனாய்த் போய்ப் பார்த்தாள். அவர்களுக்கும் பிடித்துவிட்டது. அஸ்மராவில் படித்த தாதிச் சான்றிதழைக் கொண்டு வா, அதை இந்த நாட்டுக் கணக்கில் ஏற்க வைப்போம், அதுவரை உதவிக்கு இரு என்றார்கள். சான்றிதழ் இருக்கிறது, லெம்லெம். கடல் தாண்டி வந்திருக்கிறது. ஓரம் மட்டும் உப்புப் பட்டு ஊறியிருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் பெயர் செனாய்த் அஸ்மெரொம். அவளுடைய அட்டையில் இருக்கும் பெயர் வெலெத்தெ மரியம் அஸ்மெரொம்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். உனக்குத்தான் புரியும். இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? நம்மில் ஒவ்வொருவருக்கும் வீட்டில் கூப்பிட ஒரு பெயர், கடவுள் முன்னால் நிற்க ஒரு பெயர். பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் ஞானஸ்நானப் பெயரை யார் சொல்வார்கள்? நற்கருணை வாங்கும்போது குருவின் காதில் சொல்வோம். செத்தால் பூசையில் அந்தப் பெயரைத்தான் படிப்பார்கள். அதை எதற்காக அட்டையில் எழுத வைத்தாள் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். ஒரே ஒரு முறை சொன்னாள்.

அம்மாவும் மகளும் வந்த படகில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் நம் ஆட்களில் ஒரு பெரியவர் எழுந்து நின்றாராம். "ஆளாளுக்கு ஞானஸ்நானப் பேரச் சொல்லுங்க. கரைக்குப் போறவங்க மத்தவங்களுக்காகக் கோயில்ல சொல்லட்டும்" என்றாராம். ஒருவர் பின் ஒருவராகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மெப்ரத்தும் தன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பிறகு படகு சாய்ந்தபோது மகளை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டாளாம். "வெலெத்தெ மரியம், கைய விடாத." பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

கை விட்டுப்போனது. யார் விட்டது என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

செனாய்த்தை மீட்டுக் கரையில் இறக்கி, போர்வை போர்த்தி, பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நாக்கில் இருந்த பெயர் அது ஒன்றுதான். அதைச் சொன்னாள். அவர்கள் எழுதினார்கள். அந்தப் பெயரே நாடு நாடாக அவளோடு கூட வந்தது. சோற்றுக்கும் படுக்கைக்கும் எந்தப் பெயராக இருந்தால் என்ன, யாரும் கேட்கவில்லை. வேலை என்று வந்தபோதுதான் இடித்தது.

புதிய அட்டைக்குப் படம் எடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். ஊல்ரிகா என்று ஒரு அதிகாரி. நல்லவிதமாகத்தான் பேசினாள். நல்லவிதமாகப் பேசுகிறவர்களைத் திட்டவும் முடியாது, அதுதான் கஷ்டம். சான்றிதழையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது செனாய்த்துங்கிறவங்களோடது. அவங்கதான் நீங்கங்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். நான் அவளைத் தொட்டில் நாளிலிருந்து அறிவேன் என்றேன். பாட்டி சொன்னால் போதாதாம். பெயரை மாற்றி எழுத வேண்டுமானால் ஊரிலிருந்து காகிதம் வேண்டும், இரண்டு வாரத்தில் திரும்ப வந்து சொல்லுங்கள் என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் செனாய்த் வாயைத் திறந்தாள். மாற்ற மாட்டாளாம். விடுதியில் பாத்திரம் கழுவுகிற வேலைக்குச் சான்றிதழ் தேவையில்லை, அதைச் செய்துகொள்கிறேன் என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பேருந்து என்றும் பார்க்காமல் கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா என்னைக் கடைசியாக் கூப்பிட்ட பேரு, பாட்டி. அத அடிச்சிட்டு வேற எழுதச் சொல்றீங்களா?"

நான் விட்டேனா? "அந்தச் சான்றிதழப் பிளாஸ்டிக்ல சுத்தி உன் இடுப்புல கட்டிவிட்டது யாருடி? எந்தப் பேரு போட்டதக் கட்டிவிட்டா?" என்றேன்.

  அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னைத் தின்கிறது. பெயரை மாற்றினால் அவள் அழுவாள். மாற்றாவிட்டால், மெப்ரத் இடுப்பில் கட்டிவிட்ட காகிதம் பெட்டியிலேயே கிடந்து மக்கும்.

கடைசியில் குன்வோர்தான் வழி சொன்னாள். காப்பிக்கு வந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்தாள். "எனக்கு நாலு பேரு இருக்கு, தெரியுமா? மூணு பேரு என் பாட்டி, பூட்டிமாரோடது. எல்லாம் அட்டையில இருக்கு. கூப்பிடுற பேரு எதுன்னு மட்டும் சொல்லி வச்சா போதும். இவளுக்கு ரெண்டுதானே, ரெண்டையும் போடச் சொல்லு." முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன், அவளுக்கு நான்கு பெயர் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னுடைய இன்னொரு பெயர் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

மூன்று பேருமாகத் திரும்பப் போனோம். குன்வோர் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பேசினாள். ஊல்ரிகா யோசித்தாள், உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு பெயரும் ஒரே குழந்தைக்கு இடப்பட்டவை என்று ஞானஸ்நானம் கொடுத்த கோயில் எழுதித் தர வேண்டும், அன்று அங்கே இருந்த ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டு ஆளாக இருக்கக் கூடாது, அப்படி வந்தால் இரண்டையும் போடலாம் என்றாள். செனாய்த் அதைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்தில் ஏறிய பிறகும் விடவில்லை.

இப்போது மேலே எழுதிய பெயர்களைத் திரும்பப் பார். கெஷி ஹப்தே போய்ச் சேர்ந்தார். அஸ்மெரொம் எல்லைச் சண்டையில் போனான். ஸைனப் கோயிலுக்குள் வரவில்லை, முற்றத்தில்தான் இருந்தாள். அவளும் இப்போது இல்லை. அவள் ஆரஞ்சை உரித்து முதல் சுளையை மெப்ரத் வாயில் வைத்தது நினைவிருக்கிறதா? சாறு குழந்தையின் நெற்றியில் சொட்டியது. இரண்டாம் ஞானஸ்நானம் ஆயிற்று என்று கெஷியே சிரித்தார். ஒக்பாஸ்கியும் நானும் வீட்டு ஆட்கள். மிச்சம் நீதான்.

நீ என்னிடம் முகம் திருப்பிக்கொண்டது எதற்கு என்று நான் மறக்கவில்லை. குழந்தையை நான் வாங்கப் போனபோது எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய்? "குளுருல இருந்து வந்தவ, கை மரத்திருக்கும், நழுவ விட்டுருவா." சொன்னாயா இல்லையா? நீ வைத்த காப்பியைக் குடித்த கழுதைகூட அந்தப் பக்கம் திரும்பாது என்று நான் பதிலுக்குச் சொன்னது உண்மைதான். அதற்காக மூன்றாம் சுற்றுக் காப்பிக்கு முன்னால் எழுந்து போவதா? முதல் இரண்டு சுற்று ருசிக்கு, மூன்றாவதுதான் ஆசீர்வாதம். ஞானத்தாய் ஆசீர்வாதச் சுற்றுக்கு இல்லாமல் போன வீடு என்று ஊர் பேசியது. மெப்ரத் உன் பங்கை ஊற்றி, ஆறும்வரை உன் இடத்திலேயே வைத்திருந்தாள். இது உனக்குத் தெரியாது. நீதான் போய்விட்டாயே.

அந்தக் கோப்பைக்காகவாவது போ, லெம்லெம். கால் வலி என்று சொல்லாதே, யாரையாவது பிடித்துக்கொண்டு போ. கோயிலில் இப்போது இருக்கும் குருவிடம் பழைய ஏட்டைப் பார்க்கச் சொல். நம் நாடு தனி நாடு ஆன வருடம், வெயில் காலம். வெலெத்தெ மரியம் என்கிற செனாய்த் என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி வாங்கு. முத்திரை தெளிவாக விழ வேண்டும். கீழே நீ கையெழுத்துப் போடு. கை நடுங்கினாலும் பரவாயில்லை, உன் கைதான் என்று நான் சொல்வேன். இந்தக் கடிதம் கொண்டுவரும் பெண் ரோமா, உயிர்ப்புப் பண்டிகை முடிந்து இங்கே திரும்புகிறாள், அவளிடம் கொடு. நமக்கு இங்கே கால அவகாசம் அதுவரைதான். விடுதிக்காரர்களும் அதற்கு மேல் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க மாட்டார்களாம்.

நீ ஏந்திய குழந்தை, வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தலை வாரிவிடப் போகிறாள். நன்றாகச் செய்வாள். என் தலையை இப்போது அவள்தான் வாருகிறாள். மெப்ரத் மாதிரி இழுத்து வாருவதில்லை.

ஆட்டுக்காக ஒக்பாஸ்கியை மன்னித்தேன், அவரிடம் சொல்லிவிடு. ஊல்ரிகாவைப் பாதி மன்னித்திருக்கிறேன். மூன்றாம் சுற்றுக்காக உன்னை, அந்தக் காகிதம் என் கைக்கு வரும் அன்று மன்னிப்பேன், அதற்கு ஒரு நாள் முன்னால்கூட இல்லை. மாதா உன் கால்களுக்குப் பலம் கொடுக்கட்டும். உன் வீட்டு விளக்கு அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத,
ஹிரித்தி.

கையெழுத்துப் போட்டு முடித்தும் பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை. படகு ஏறும் முன்னால் அவள் போன் செய்தாள். "காப்பிக்கொட்டையப் பச்சையாவே வைம்மா, வறுத்துராத. நான் வந்து வறுக்குறேன். நீ வறுத்தா கரிதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொட்டை அலமாரியில் அப்படியே இருக்கிறது. செனாய்த் தொட மாட்டேன் என்கிறாள், நானும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவளை எதற்கு மன்னிக்க வேண்டும்? எல்லாரையும் மன்னிப்பேன், லெம்லெம். அவளை மட்டும் மாட்டேன். மெப்ரத்தை.