நாலாம் நம்பர் பிரஸ்

நேற்று மாலை சிறுசேரியில், என் மகள் வேலை செய்யும் அலுவலகத்தின் லிஃப்டில் நின்றிருந்தேன். கதவு மூடிக்கொண்டிருந்தபோது வெளியே இருந்து ஒரு பெண் ஓடிவந்து, இடுக்கில் கையை நீட்டினாள். நான் கத்திவிட்டேன். கதவு மறுபடி திறந்தது. "சென்சார் இருக்கு ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். எனக்குக் கீழ்த்தளம் வரும்வரை படபடப்பு அடங்கவில்லை.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அஸ்தினாபுரத்தில் ஒரே தெருவில் இருந்தோம். நான் பத்திரிகை நிருபர், நீ தொழிற்சாலை மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர் அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் இன்ஜினியர். "அரசியல்வாதி பின்னாடியே எத்தனை நாள்டி சுத்துவ? ஒரு நாள் என் சைட்டுக்கு வா" என்று நச்சரித்து, ஒரு சனிக்கிழமை காலை குரோம்பேட்டையில் என்னை மின்சார ரயிலில் ஏற்றினாய். தாம்பரத்தைத் தாண்டி ஒரு பட்டறை. ஸ்கூட்டர் பாகங்களுக்குத் தகடு அழுத்தும் நான்கு பிரஸ்கள். அவை இறங்கும்போதெல்லாம் தரை உதறியது.

எனக்குப் புரியும்படி சொன்னாய். முன்பு ஒவ்வொரு பட்டனிலிருந்தும் பேனலுக்குத் தனித்தனி வயர் போகும். இப்போது பட்டறை முழுக்க ஒரே கேபிள். பிரஸ்ஸுக்கு ஒரு பெட்டி. பட்டன், விளக்கு, வால்வு எல்லாம் அந்தப் பெட்டியில் சேரும். பெட்டியின் பக்கவாட்டில் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன வட்டம். அதில் வைக்கும் எண்தான் பெட்டியின் பெயர். கன்ட்ரோலர் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும், பெட்டிகள் பதில் சொல்லும். "ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி" என்றாய்.

ஒவ்வொரு பிரஸ்ஸின் முன்னாலும் ஒளிக்கற்றை ஒன்று குறுக்கே ஓடும். தொழிலாளர்கள் அதைக் 'கண்ணு' என்றார்கள். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும்; கை குறுக்கே இருந்தால் அமுக்கினாலும் இறங்கக் கூடாது. நீ முந்தைய நாளே எல்லாவற்றையும் சோதித்திருந்தாய்: ஒருவர் பிரஸ் அருகே கையை ஆட்டி "வந்துச்சா?" என்று கத்த, பேனலில் நிற்பவர் விளக்கைப் பார்த்து "வந்துச்சு!" என்று திருப்பிக் கத்துவது உங்கள் வழக்கம்.

அன்று காலை நான்காவதின் பெட்டி எரிந்துபோயிருந்தது. ஃபிட்டர் குமார் அதைக் கழற்றிவிட்டார். நாலு பதில் சொல்லாததால் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது. "மத்த மூணு பிரஸ்ஸாவது ஓடட்டுமே மேடம்" என்றார் மேனேஜர். பெட்டியே இல்லாத பிரஸ்ஸை எதிர்பார்க்க வேண்டாம் என்று கன்ட்ரோலரிடம் சொன்னாய். அதில் தவறில்லை. மூன்றும் ஓடின.

நாம் டீ குடிக்கப் போன நேரத்தில் குமார் ஸ்டோரிலிருந்து வேறு பெட்டி எடுத்துவந்து நான்காவதில் மாட்டினார். உன்னிடம் சொல்லவில்லை; நல்லது செய்வதாகவே நினைத்தார். அந்தப் பட்டறையில் காற்றழுத்தமோ வேகமோ, ஒரு பிரஸ்ஸில் வைத்ததைத்தான் எல்லாவற்றிலும் வைக்க வேண்டும். அதே சிரத்தையோடு அந்தச் சின்ன வட்டத்தையும் பக்கத்துப் பிரஸ்ஸைப் பார்த்துத் திருப்பினார். மூன்று.

டேவிட் அண்ணன் நான்காவதை ஓட்டுபவர். மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நீ வந்து கன்ட்ரோலரில் சேர்க்கும்வரை அது இறங்காது என்று நம்பி, கந்தல் துணியால் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாம் உள்ளே நுழைந்தபோது மூன்றாவதில் இருந்தவர் பட்டன்களை அமுக்கினார். இரண்டு பிரஸ்களும் இறங்கின.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. விபத்துகளைப் பார்த்து எழுதியவள் நான். ஆனால் அவையெல்லாம் நான் போவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. டேவிட் அண்ணன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பிரஸ் மேலே ஏறியபோது அச்சில் துணி மட்டும் இருந்தது, மட்கார்டின் வளைவு அதில் அப்படியே பதிந்து.

"ஒண்ணும் ஆகலையே? சரி, வேலை ஆகட்டும், ஆகட்டும்" என்றார் மேனேஜர். நீ போய் மெயின் ஸ்விட்சை அணைத்தாய்.

இரண்டு பெட்டிகளையும் பார்த்ததும் உனக்கு விளங்கிவிட்டது. 'இறங்கு' என்ற கட்டளை மூன்றுக்குப் போனது. இரண்டு பெட்டிகளும் அதை எடுத்துக்கொண்டன. மூன்றாவதின் கண்ணு யாரும் இல்லை என்றது. கன்ட்ரோலர் காதில் விழுந்த பதில் அதுதான். குமார் மூன்றாவதின் பெட்டியைக் காட்டினார். "மூணுல எப்டி இருந்துச்சோ அப்டியே வெச்சேன் மேடம்..." அவரை நீ திட்டவில்லை. "நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும், இது பேருன்னு" என்றாய்.

எண்ணை நாலாக்கினாய். கன்ட்ரோலரில் நாலைத் திரும்பச் சேர்த்தாய். ஒரு மரக்கட்டையைப் பிரஸ்ஸுக்குள் நீட்டினாய். குமார் பட்டன்களை அமுக்கினார். இறங்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தீர்கள். இறங்கவே இல்லை.

"வாங்கண்ணா, இனிமே பயமில்ல" என்றாய்.

டேவிட் அண்ணன் நகரவில்லை. "கட்டைக்கு இன்னாம்மா வலிக்கப் போவுது? கட்டைய வெச்சிக்கினு சொல்றியே."

யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை உள்ளே நீட்டினாய். "அமுக்குங்கண்ணா. ரெண்டு கையாலயும்."

"ஏய், பைத்தியமாடி உனக்கு?" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. டேவிட் அண்ணன் இரண்டு பட்டன்களின் மீதும் உள்ளங்கைகளை வைத்தார். பேனலில் விளக்கைப் பார்க்க வேண்டிய குமாரும் அங்கே வந்து உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஸ் இறங்கவில்லை. "பாத்தீங்களா?" என்று கையை எடுத்தாய். "பாத்தேம்மா" என்றார். அன்றே நான்காவதில் நின்றார்.

உன் மேல் கோபத்தோடுதான் திரும்பும் ரயிலில் ஏறினேன். பல்லாவரம் போகும் கூட்டம் நம்மை நெருக்கியது. "கட்டை போதும்னு எனக்குத் தெரியும்டி. அவருக்குப் போதலையே" என்று மட்டும் சொன்னாய். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாய்.

இனி செய்தி. உன் காரியத்தன்று டேவிட் அண்ணன் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். "நீங்க அமுக்கினீங்க, பிரஸ் நின்னுச்சு. இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன் அண்ணா."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் எங்கம்மா அமுக்குனேன்?"

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"கைய மேல வெச்சேன், அவ்ளோதான். பொண்ணு கை உள்ள கீது, எப்டிம்மா அமுக்குவேன்?"

"அப்ப எந்தத் தைரியத்துல அன்னிக்கே வேலைக்கு நின்னீங்க?"

"அந்தப் பொண்ணு கைய வெச்சிச்சில்ல" என்றார். கேள்வியே புரியாதவர் போல.

உனக்கு இது தெரியுமா? பட்டன் உள்ளே போகும் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தாயா, கவனித்தும் "பாத்தீங்களா?" என்றாயா? கட்டை வைத்தபோது நின்ற பிரஸ், கை வைத்தபோதும் நின்றிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் என் கண்ணால் பார்த்ததாக இத்தனை வருடம் நான் சொல்லிவந்தது நடக்கவில்லை. நடந்தது வேறு. இரும்புக்கு அடியில் உன் கை இருந்தது. அதற்கு எதிரே, அமுக்காத இரண்டு உள்ளங்கைகள். இப்போது அதை நினைக்கும்போதெல்லாம் பிரஸ்ஸை நான் பார்ப்பதில்லை. அந்த உள்ளங்கைகளைத்தான் பார்க்கிறேன்.