ஓரத்தில் கலங்கிய கனகமணி

சிவகாசி
13.1.1958

அன்புள்ள கனகமணிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் மாமா, அத்தையும் சுகம்தானே? உன் தம்பி கல்யாணத்துக்குப் போன நீ அங்கேயே தங்கிவிட்டதற்குக் கல்யாண போட்டோதான் காரணம் என்று மாப்பிள்ளை அய்யாதுரையே எழுதியிருக்கிறான். நம் கம்பெனியில் செய்த முதல் லென்ஸ் எடுத்த முதல் படம் அது. அதற்குக் கொஞ்சம் சலுகை காட்டக் கூடாதா? நடுவில் நின்ற போதகர் எவ்வளவு தெளிவு! அவர் அங்கியில் பொத்தான் அறுந்த இடத்தில் நூல் தொங்குவதுகூடத் தெரிகிறது. ஓரம் கொஞ்சம் கலங்கிவிட்டது, நீ ஓரத்தில் நின்றுவிட்டாய். இதில் என் தப்பு என்ன?

யுத்தத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் பைனாகுலரைக் கழற்றி மாட்டியவன் நான். ஊர் திரும்பி, பட்டாசுக் கம்பெனிகளுக்கு மருந்து நிறுக்கும் தராசு செய்தேன். யாராவது குறை சொன்னார்களா? லென்ஸும் சரியாகிவிடும். சீக்கிரம் வா. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புக் கணவன்,
ராஜசிங்

காரியாபட்டி
20.1.1958

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். நான் கோபத்தோடு சுகமாக இருக்கிறேன்.

ஓரத்தில் நிறுத்தியது யார்? "நீ வீட்டு ஆளுதான, அங்கன போய் நில்லு" என்றது நீங்கள்தானே? வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தப் படத்தை எடுத்துக் காட்டுகிறாள். நேற்று ஞானதீபம் சித்தி கேட்கிறாள்: "இது கனகமணியா? நான் வேட்டி காயுதுன்னுல்ல நெனச்சேன்!"

படம் மட்டும் காரணமில்லை. கண்ணாடிக்கு மெருகேற்ற என் இட்லிக் கொப்பரையில் தார் மாதிரிக் கீல் காய்ச்சினீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றீர்கள். கொப்பரை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சொல்லைப் பொறுக்க முடியவில்லை.

இங்கே மிஷன் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
கனகமணி

சிவகாசி
17.2.1958

அன்புள்ள கனகமணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே சமையல்கட்டுக்குப் போனேன். கொப்பரையைத் தேய்த்துப் பார்த்தேன், கீல் போகவில்லை.

இன்னும் மூன்று லென்ஸ் செய்து பார்த்துவிட்டேன். நடுவைப் பிடித்தால் ஓரம் போகிறது, ஓரத்தைப் பிடித்தால் நடு போகிறது. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற காசிராஜன் அண்ணாச்சிக்கு, அச்சுக்குப் படம்பிடிக்க வெளிநாட்டு லென்ஸ் கிடைக்கவில்லை. நம் லென்ஸில் ஒரு லேபிளைத் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டினால் ஆர்டர் நமக்குத்தான் என்றார். காட்டினேன். நடுவில் சேவல் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. சுற்றியிருந்த கம்பெனிப் பெயர் கஞ்சியாகிவிட்டது. "ஏலே ராஜசிங், சேவலு தீப்பெட்டி விக்காதுலே, பேருதாம்லே விக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈஸ்டர் வரைக்கும் தவணை. அதற்குள் முடியாவிட்டால் கம்பெனியை மூடிவிட்டுப் பழையபடி தராசுதான்.

பயமாக இருக்கிறது, கனகமணி. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ராஜசிங்

காரியாபட்டி
3.3.1958

அன்புள்ள அத்தானுக்கு,

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்குக் கும்மி பழக்குகிறேன். நேர் வரிசையில் நிறுத்தினால் நான் தட்டுகிற தாளம் ஓரத்துப் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. ஆளுக்கொரு தாளத்தில் ஆடினார்கள். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஒருத்தி கையில் கொடுத்து, தரையில் அரைவட்டமாகக் கோடு போடச் சொன்னேன். கோட்டில் நின்றால் எல்லாருக்கும் ஒரே தூரம். எல்லாருக்கும் கேட்டது.

அப்போதுதான் தோன்றியது. கல்யாணத்தில் நாங்கள் நேர் வரிசையில் நின்றோம். போதகர் லென்ஸுக்குப் பக்கம், நான் தூரம். லென்ஸை ஏன் போட்டுப் பாடாய்ப் படுத்துகிறீர்கள்? ஆட்களை வளைத்து நிறுத்துங்கள். லேபிளையும் வளைந்த பலகையில் ஒட்டிப் பாருங்கள்.

எனக்கு இதெல்லாம் புரியாது. சும்மா எழுதினேன்.

கனகமணி

சிவகாசி
24.3.1958

என் அருமைக் கனகமணிக்கு,

நீ சொன்னபடி லேபிளை வளைந்த பலகையில் ஒட்டினேன், படம் வந்துவிட்டது! பெயர் தெளிவு, ஊர் தெளிவு, குச்சி எத்தனை என்று போட்டிருப்பதும் தெளிவு! அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படிலே?" என்றார். "ராப்பகலா யோசிச்சேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குத் தண்டனை மறுநாளே கிடைத்தது. பெரிய காலண்டர் படம் ஒன்றைக் கொடுத்தார். மறுபடியும் ஓரமெல்லாம் கஞ்சி. "யோசிச்சவன் நீதான, சரி பண்ணு" என்றார். கயிற்றை மூன்று தடவை இழுத்து அளந்து பார்த்தேன், கஞ்சிதான். கடைசியில் உண்மையைச் சொன்னேன். "அப்ப அவுகளைக் கூட்டிட்டு வாலே. அவுக வந்தாத்தான் ஆர்டரு" என்றுவிட்டார். ஆகவே கம்பெனியின் நன்மைக்காக உடனே புறப்பட்டு வரவும்.

அன்புடன்,
ராஜசிங்

காரியாபட்டி
28.3.1958

அன்புள்ள அத்தானுக்கு,

சந்தோஷம். கயிற்றைக் கேமரா ஸ்டாண்டின் காலில் கட்டி அளந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். லென்ஸுக்கு நேர்கீழே தரையில் ஓர் ஆணி அடித்து அதில் கட்டுங்கள். கயிறு தொய்யக் கூடாது. படம் சரியாக வரும். உங்கள் அண்ணாச்சி அதற்குப் பிறகு என்னைத் தேட மாட்டார்.

கம்பெனிக்கு நான் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டுமா என்று எழுதவில்லை. அதை எழுதுங்கள். எழுத வராவிட்டால் நான் டீச்சராகவே இருந்துகொள்கிறேன்.

கனகமணி

மிஷன் பள்ளி வாசல், காரியாபட்டி
2.4.1958

கனகமணி,

ஆணி அடித்தேன். படம் சுத்தமாக வந்தது. ஆர்டரும் கிடைத்துவிட்டது. இனிமேல் கம்பெனிக்கு நீ தேவையில்லை. எனக்குத்தான் வேண்டும்.

இதை நேற்றே எழுதித் தபால்பெட்டி வரைக்கும் போனேன். தபால் வந்துசேர இரண்டு நாளாகும், பஸ் மதியத்துக்குள் வந்துவிடும் என்று தோன்றியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு விடிந்ததும் பஸ் ஏறினேன். இங்கே உட்கார்ந்து மறுபடியும் எழுதி பியூனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்குப் புரியாது என்று சொன்னேனே, அது தப்பு. என்னை மன்னித்துவிடு. நீ வரவில்லையென்றால் நான் வாரா வாரம் இங்கே வருகிறேன். வேலையை விடச் சொல்ல மாட்டேன்.

பதில் எழுதாதே. நேரில் வந்து சொல்லு, திட்டினாலும் சரி. சீக்கிரம் வா. உன் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ராஜசிங்