ஒரு பெயர் அளவு இடைவெளி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முட்டி மட்டும் நலமில்லை, அதை விட்டுத்தள்ளு. அங்கே நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் வந்த அன்று தபால்காரரை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிட்டேன். "என் அக்கா மக எழுதியிருக்கா, நாப்பத்தொரு வருஷம் கழிச்சு!" என்றேன். "சரிங்க, கையெழுத்தப் போடுங்க, இன்னும் பாதித் தெரு பாக்கி" என்றார் அந்த மனிதர். ரசனை கெட்டவர். எதிர்வீட்டுத் தையல்காரரிடம், நீ ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறாய் என்று கடிதத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்!

என் மனைவி, உன் அத்தை, காலமானபோது நான் பேப்பரில் கொடுத்த அறிவிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்து, அதிலிருந்த விலாசத்தை வைத்தே என்னைக் கண்டுபிடித்தாயாமே. கெட்டிக்காரி. நம் ரத்தம் அல்லவா. அந்த அறிவிப்பில் அவளை "ஏழைகளின் தாய்" என்று போட்டிருந்தேன். அவள் வாசலில் நின்ற பூனைக்குக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் பால் ஊற்றுவாள். இருந்தாலும் போகிறவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

உன் அம்மாவுக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி இதயத்தில் அறுவைச் சிகிச்சை என்று படித்ததும் கடிதத்தை மடித்துவைத்துவிட்டேன், மீதியைப் பிறகுதான் படித்தேன். டாக்டர் "உங்க அப்பா எந்த வயசுல, எதனால இறந்தார்?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது, அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று அக்கா சொன்னாளாம். அதனால்தான் நீ நம் குடும்பத்து மரம் வரையக் கிளம்பினாய் என்று எழுதியிருக்கிறாய். நல்ல காரியம். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்று நினைக்காதே. முப்பத்தாறு வருஷம் பேப்பர் ஆபீசில் கம்பாசிட்டர். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவன். பேராசிரியர்கள் மேலோட்டமாகப் படித்ததை நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன், ஈய அச்செழுத்தில் எல்லாமே தலைகீழாகத்தான் இருக்கும். நம் குடும்பத்தில் யார் போனாலும் மரண அறிவிப்பு எழுதுவது நான்தான்.

திங்கட்கிழமை பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நான் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள் (ஒருவர் எழுந்தார், அவர் சாப்பிடப் போகிறவர்). அங்கிருந்து என் பழைய பேப்பர் ஆபீஸ். பைண்டு செய்த தொகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, "பெரியவரே, உங்க குடும்பத்துல ஒருத்தர்கூடச் சும்மா சாகலியா? ஒருத்தர் வள்ளல், ஒருத்தர் கல்விக் காவலர், ஒருத்தர் குதிரைப் பண்ணை அதிபர்" என்று சிரித்தாள். உன் கொள்ளுத்தாத்தாதான் குதிரைப் பண்ணை. பதிவேட்டில் "வண்டி ஓட்டுபவர்" என்று இருக்கிறது. ஒரு குதிரை நிச்சயமாக இருந்தது. மற்றவை நான் சேர்த்தவை. ஆகவே அறிவிப்புகளில் தேதியை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை ஒரு கை உப்புக் குறைத்துச் சாப்பிடு.

உன் தாத்தாவைப் பற்றித்தானே முக்கியமாகக் கேட்டிருந்தாய். அவருக்கு ஒரு நோய் நொடி கிடையாது. சிங்கம். நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்தபடியே போய்விட்டார், ஒரு வலியில்லை. டாக்டரிடம் அப்படியே சொல். அவருடைய அறிவிப்பு வந்த வருஷத்துத் தொகுப்பு மட்டும் பூச்சி அரித்துத் தூளாகிவிட்டது, கையில் எடுத்தாலே உதிர்கிறது. அதைத் தேடி நீ சிரமப்பட வேண்டாம்.

அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே. நீயே பார்த்துச் செய்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
(ஓய்வுபெற்ற தலைமைக் கம்பாசிட்டர்)


அன்புள்ள மருமகளுக்கு,

ஆசீர்வாதம். உன் இரண்டாவது கடிதமும், தாத்தாவின் அறிவிப்பைப் பிடித்து அதோடு வைத்திருந்த படமும் கிடைத்தன.

உங்கள் நகரத்து நூலகத்தில் நம் பேப்பரின் பழைய தொகுப்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே பூச்சிகளுக்குப் படிப்பு வாசனை இல்லை போலிருக்கிறது.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். தாத்தாவின் அறிவிப்பில் மகன் என்று என் பெயர் மட்டும் ஏன் இருக்கிறது, அம்மா பெயர் எங்கே என்பது ஒன்று. அந்த வரியில் என் பெயருக்கு முன்னால் ஒரு பெயர் அளவுக்கு ஏன் வெற்றிடம் கிடக்கிறது என்பது மற்றொன்று.

பதில் சுலபம். கோத்த பக்கத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டி மிஷினுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது வழியில் எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. உன் அம்மாவின் பெயர் அப்படியே கீழே விழுந்து, மிஷினுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. நான் போர்மேனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "எங்கக்கா பேரு எங்கய்யா?" என்று நான் போட்ட சத்தத்தில் பைண்டிங் பிரிவே எழுந்து வந்துவிட்டது. அதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, என்ன செய்ய முடியும்?

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினாயா? காட்டியிருந்தால், மிஷின் கோளாறு என்று சொல்லிவிடு.

இங்கே இரண்டு நாளாக மழை. மாடி ஒழுகுகிறது.

உன் தாய்மாமன்


மருமகளே,

நேற்று முன்தினம் போட்ட கடிதம் வந்திருந்தால் கிழித்துப் போடு. வரவில்லை என்றால், வந்ததும் கிழித்துப் போடு. மழை மட்டும்தான் அதில் உண்மை.

முதலில் டாக்டருக்கு. உன் தாத்தா நாற்காலியில் போகவில்லை. அறுபத்தொரு வயது. இதயம்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒருமுறை நெஞ்சு வலித்து விழுந்திருக்கிறார். கடைசியில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்று காலை மறுபடியும் பதிவு அலுவலகம் போய், இறப்புப் பதிவின் நகல் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். என் வாய்ச் சொல்லை நம்பாதே, அந்தக் காகிதத்தைக் காட்டு. ஒரு நோயும் இல்லை என்று நான் எழுதியதை இந்நேரம் டாக்டரிடம் சொல்லியிருப்பாயோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி மற்றது.

ரேடியோ ரிப்பேர்க்காரரான உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டைவிட்டுப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா ஒரு வருஷம் அவள் பெயரையே எடுக்கவில்லை, அது உண்மை. அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். என் மாமனார் கோர்ட்டில் தலைமை எழுத்தர், கேள்வி கேட்டே பழகியவர். "கூடப் பிறந்தவங்க எத்தன பேரு தம்பி?" என்று கேட்டார். "நான் ஒருத்தன்தான் சார்" என்றேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. குதிரைகளைச் சேர்த்தது மாதிரிதான், வாயில் வந்தது. இங்கே ஒன்றைக் குறைத்தேன், அவ்வளவே என்று நினைத்தேன்.

என் கல்யாணத்தன்று மாமனார் வீட்டு ஆள் ஒருவர் அப்பாவிடமும் அதையே கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். காலியான பிறகும் தம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. அன்று எனக்காக அவர் பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "பெரியவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுடா. நான் கோவத்துல இருக்கேன்னு நெனச்சிட்டிருப்பா. வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். சரி என்றேன். மாமனார் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்காருவார். அக்கா வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்? நான் எழுதவில்லை.

மறுநாள் "எழுதிட்டியா?" என்றார். "எழுதிட்டேம்பா, கிளம்பிட்டாளாம்" என்றேன். அதற்கு மறுநாள், "ரயில் ஏறிட்டாளாம், வழியில வெள்ளமாம், தாமதமாகுமாம்" என்றேன். கைக்குழந்தையான உனக்கு லேசாகக் காய்ச்சல் என்றும், ஆனாலும் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்றும் சொன்னேன். உன்னை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் "மூக்கு அப்படியே உங்க மூக்குப்பா, கோவம் வந்தா உங்கள மாதிரியே ஒரு புருவத்த மட்டும் தூக்குமாம்" என்று அளந்தேன். அவர் சிரித்தார். "அது நல்லதுக்கில்லையே" என்றார். படுக்கையைத் திருப்பிப் போடச் சொன்னார், வார்டு வாசல் தெரிகிற மாதிரி. செவிலியரும் நானும் திருப்பிப் போட்டோம். வாசலைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

வாழ்க்கையில் எத்தனையோ அளந்திருக்கிறேன். ஒருவர் அத்தனையும் நம்பியது அந்த நான்கு நாள்தான்.

அறிவிப்பை நானே கோத்தேன். யாரையும் கிட்டே விடவில்லை. மகள் என்று அக்கா பெயர், பிறகு மகன் என்று என் பெயர். கை அதன் பழக்கத்தில் மூத்தவளைத்தான் முதலில் வைத்தது. பூட்டியும் ஆகிவிட்டது. அப்போது மாமனார் ஆபீசுக்குப் போன் செய்து, "எங்க கோர்ட்டுல எல்லாருக்கும் காட்டணும் மாப்ள, பத்துப் பிரதி எடுத்து வையுங்க" என்றார். போனை வைத்துவிட்டு வந்து பூட்டைத் தளர்த்தி, அக்காவை எழுத்து எழுத்தாக எடுத்தேன். அந்த இடத்தில் எழுத்தில்லாத வெற்று ஈயத் துண்டுகளைச் சொருகினேன். புரூஃப் பார்த்த போர்மேன், "என்னய்யா இது, பல்லு விழுந்தாப்ல இருக்கு? தள்ளிக் கட்டு" என்றார். இரண்டு நிமிஷ வேலை. வார்த்தைகளை நகர்த்தினால் இடைவெளி இருந்த சுவடே தெரிந்திருக்காது. அந்த ஆபீசில் என்னைவிடச் சுத்தமாக வரி கட்டுகிறவன் இல்லை, இது அளப்பு அல்ல. "இருக்கட்டும்" என்றேன். என்னால் நகர்த்த முடியவில்லை. மிஷினும் குற்றவாளி அல்ல, போர்மேனும் அல்ல. அந்த நல்ல மனிதர் செத்துப் பதினைந்து வருஷமாகிறது, அவர் சட்டையை நான் தொட்டதில்லை.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "பேப்பரில் பார்த்தேன். அப்பாவின் முடிவு அதுதான் என்றால் சரி. இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அதற்கு நான் பதில் போட்டிருக்கலாம். நாற்பத்தொரு வருஷத்தில் எந்த நாளும் போட்டிருக்கலாம். முதலில் மாமனார் இருந்தார் என்று நினைத்தேன். அவர் போனார். பிறகு உன் அத்தை இருக்கிறாளே என்று நினைத்தேன். அவளும் போனாள். இப்போது மறைக்க யாருமில்லை, ஆனாலும் உனக்குப் பூச்சி அரித்தது என்று எழுதியிருக்கிறேன் பார்.

நீ மரம் வரைவதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவே என்னச் சேத்துக்கல, நீ எதுக்குடி சேக்கற?" என்று அம்மா சொன்னதாக உன் இரண்டாவது கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னை இப்படி எழுத வைத்தது. சேர்க்காதவர் அவர் அல்ல.

உன் மரத்தில் திருத்திக்கொள். கொள்ளுத்தாத்தா: வண்டிக்காரர், ஒரு குதிரை. தாத்தா: கடையில் துணி அளந்து கொடுத்தவர், அறிவிப்பில் நான் போட்டதுபோல் வணிகப் பிரமுகர் அல்ல. மாமா: கம்பாசிட்டர். தலைமை எல்லாம் இல்லை.

என் மரண அறிவிப்பை இன்று நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பயப்படாதே, போகிற அவசரம் ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறியது இதுதான், மூன்றே வரி. பெயர், வயது, தொழில். அடுத்து "இவர் ..................... அவர்களின் தம்பி" என்று. அந்த இடத்தை அளந்துதான் விட்டிருக்கிறேன், அக்காவின் பெயருக்குச் சரியாக இருக்கும். அவள் கையாலேயே எழுதித் திருப்பி அனுப்பச் சொல். எழுத மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதே. அப்படியே காலியாக அனுப்பினாலும் போதும், அப்படியே அச்சாகட்டும்.

ஆனால் அது பிறகு. இருபதாம் தேதிக்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தில் என் பங்கை விட்டுவிடு. ஆஸ்பத்திரிப் பத்தியை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்டு. "பெரியவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுடா" என்று அப்பா சொன்னது, படுக்கையைத் திருப்பிப் போடச் சொன்னது. அது இரண்டும் நான் சேர்த்தவை அல்ல. நம்பமாட்டாள். நான் சொன்னது என்று தெரிந்தால் எப்படி நம்புவாள்? அதனால் இரண்டு முறை படி அம்மா. மெதுவாகப் படி.

அவள் நல்லபடியாக எழுந்து வரட்டும். உன் புருவத்தைப் பற்றி நான் சொன்னது நிஜமா என்று மட்டும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி