இரண்டாம் பாகத்திலிருந்து படித்தவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பரிசோதனை நிலையத்தில் ஒரு குழந்தை என்னைப் பார்த்ததுமே "சூனியக்காரி!" என்று அலறியது. நான் ஊசியை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அதன் அம்மா, "அப்படிச் சொல்லக் கூடாது, ஆன்ட்டி நல்லவங்க" என்றாள், குரலில் துளி நம்பிக்கையில்லாமல். நாளெல்லாம் ரத்தம் எடுப்பவளுக்கு இதெல்லாம் பழகிப்போன பட்டம்தான். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பதவி காத்திருக்கிறது, சம்பளமில்லாமல்.

இவரைக் கல்யாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்து வருடம் ஒன்றாகப் போகிறது. இவர் மகளுக்குப் பதினாலு வயது. அவளைப் பெற்றவள் இறந்தபோது இவள் சின்னக் குழந்தை. என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம். சித்தி, ஆன்ட்டி, ஏன், "இங்க பாருங்க" என்றாலே போதும். அதுவும் கிடையாது. தொண்டையைச் செருமுவாள், நான் திரும்ப வேண்டும். உப்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தாலும், "அப்பா, உப்பு" என்றுதான் கேட்பாள். அவரும் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்த்து ஓடவைக்கிற மனுஷனுக்கு இது மட்டும் கண்ணில் படாது.

மார்ச் 6, வியாழன்

அவள் அலமாரியைத் தூசி தட்டினேன். முழுக்க முழுக்க சூனியக்காரி நாவல்கள். பறக்கிறவள், விஷம் காய்ச்சுகிறவள், காக்கையாக மாறுகிறவள். ஒருவேளை என்னைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாளோ?

ஒரு யோசனை வந்தது. நேராகப் பேச வாய் வரவில்லை, புத்தகத்தின் வழியாகப் போய்ப் பார்க்கலாமே. அட்டையில் பூனை படம் போட்ட ஒன்றை, கேட்காமல்தான், பையில் போட்டுக்கொண்டேன். பேருந்தில் படிக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

படித்து முடித்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

வாசகர்கள் கருத்து எழுதி நட்சத்திரம் போடுகிற இணையதளம் ஒன்று இருக்கிறது. அவள் எப்போதும் அதில்தான் கிடப்பாள். நானும் "புதுவாசகி" என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போய், பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் பரிசு வாங்கிய மிதப்பில் எழுதினேன்:

"இரண்டு நட்சத்திரம். சூனியக்காரி வீட்டில் ஒரு சிறுமி வளர்கிறாள். எப்போது பார்த்தாலும் முறைக்கிறாள். ஆசையாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தால் வாசலில் கொட்டுகிறாள். எதற்காக? இவளைப் பெற்றவள் எங்கே போனாள்? ஆசிரியர் மூச்சுவிடவில்லை. மேலும், சூனியக்காரி கிண்ணத்தில் ரத்தம் பிடித்து வைத்து மறுநாள் அதில் தொட்டு எழுதுகிறாள். ரத்தம் உறைந்துபோகாதா? அதற்கென்று மருந்து தடவிய குழாய் வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் நாவல் எழுதலாமா?"

பெருமை தாங்கவில்லை. சமைக்கும்போதுகூட ஒருதடவை எடுத்துப் படித்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

மானம் கப்பலேறியது. என் கருத்துக்குக் கீழே வரிசையாகப் பதில்கள்:

"அக்கா, இது இரண்டாம் பாகம்."

"முதல் பாகம் படிக்காம வந்து அம்மா எங்கன்னு கேட்டா என்ன செய்ய?"

"அடுத்தது துடைப்பத்துக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேப்பாங்க."

ஓடிப்போய் அட்டையைப் பார்த்தேன். பூனையின் வால் என்று நான் நினைத்தது வாலில்லை. அது 2. பாவி, அதைப் போய் அப்படியா வரைவான்!

"வால்நட்சத்திரம்" என்ற பெயரில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "முதல் பாகம் முழுக்க அந்த அம்மாதான் வருகிறாள். கடைசியில் அவள் போய்விடுகிறாள். அதைப் படித்த யாருக்கும் கஞ்சியைக் கொட்டியதில் கோபம் வராது. சூனியக்காரி நல்லவள்தான். ஆனால் அவள் ஒருநாள்கூட அந்த அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

இதைப் படித்தபின் ஒன்றும் ஓடவில்லை. நான் மட்டும் கேட்டேனா? இந்த வீட்டுக்குள் வந்த நாள் முதல் ஒரு வார்த்தை? கேட்டால் பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம். அந்தப் பெண்மணியோடு ஒப்பிட்டு எனக்கு எத்தனை நட்சத்திரம் போடுவாளோ என்ற பயம். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

வால்நட்சத்திரம் அவளேதான்! எனக்குச் சந்தேகமேயில்லை. பதில் வந்த நேரத்தில் அவள் அறைக்கதவு மூடியிருந்தது, உள்ளே போனைத் தட்டும் சத்தம். வேறு யார் இவ்வளவு பக்குவமாக எழுதுவார்கள்? என் நெஞ்சில் படவேண்டுமென்றே எழுதியிருக்கிறாள்.

உருகிப்போய்ப் பதில் எழுதினேன். "நீ சொன்னது புரிஞ்சுது கண்ணு. தப்பு என்மேலதான். நீ ரொம்ப நல்ல பொண்ணு. ராத்திரி கண்முழிச்சுப் படிக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், சொல்லத்தான் தெரியல."

எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை இங்கே பதிவு செய்கிறேன், பிற்காலத்தில் நானே என்னைப் பார்த்துச் சிரிக்க வசதியாக இருக்கும்.

மார்ச் 13, வியாழன்

பிற்காலம் இன்றே வந்துவிட்டது. வால்நட்சத்திரத்தின் பதில்:

"அன்புள்ள சகோதரிக்கு, நான் பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரை வியாதி உண்டு, ஆகவே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். தங்கள் அக்கறைக்கு நன்றி. என் மனைவியும் படித்தார். சிரித்துவிட்டு, பிறகு தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்."

மார்ச் 15, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். சாதாரணச் சிரிப்பில்லை, மூச்சுமுட்ட. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தாள், கையில் போன்.

"புதுவாசகி நீங்கதானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "எப்படித் தெரியும்?"

"ரத்தம் உறைஞ்சுபோகும்னு வேற யார் சண்டை போடுவா? அன்னிக்கே தெரியும். அந்தத் தாத்தாவைப் போய் கண்ணுன்னு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் கட்டிலில் விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

பிறகு அவளாகவே நிறுத்தினாள். "அது எனக்குன்னு நினைச்சுத்தானே எழுதுனீங்க?"

"ஆமா."

ஒரு துண்டை எடுத்து, கோணலாக மடித்தாள்.

"உன் புத்தகத்தைக் கேக்காம எடுத்துட்டேன். முதல் பாகம் எங்கேன்னு தெரியல."

"அது அலமாரில இருக்காது. என்கிட்ட இருக்கு. அம்மா எனக்குப் படிச்சுக் காட்டினது. அதை யாருக்கும் தரமாட்டேன்."

"தர வேண்டாம்மா. நீ கதையைச் சொல்லு. உங்கம்மா எப்படிப் படிப்பாங்களோ அப்படியே சொல்லு."

கேட்டுவிட்டேன். நிலையத்தில் முதன்முதலாக நரம்பு தேடிய நாளில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

அவள் இன்னொரு துண்டை எடுத்து மடித்தாள். பிறகு, "அம்மாவுக்குச் சூனியக்காரி குரலே வராது. மூக்கடைச்ச மாதிரி பேசுவாங்க. அப்பா பக்கத்து ரூம்ல இருந்து, யாருக்குச் சளின்னு கேப்பாங்க" என்றாள். அந்தக் குரலிலேயே தொடங்கினாள். நடுவில் அழுதாள். நான் தடவிக்கொடுக்கப் போகவில்லை, போனால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். எல்லாத் துணியையும் மடித்துத் தீர்த்ததும், மடித்ததை உதறி மறுபடி மடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

கதை பாதியில் நிற்கிறது. காலையில் சமையலறைக்கு வந்து, செருமாமல், "மீதி இன்னிக்குச் சொல்லவா?" என்றாள். பால் பொங்கியது, யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று அவள் அம்மா செத்துப்போகிற இடம். கதையிலிருக்கும் அம்மாவைச் சொல்கிறேன். இரண்டு பேரையும்தான் சொல்கிறேன்.

இன்று அந்தத் தளத்தில் என் பழைய கருத்தை அழித்துவிடலாம் என்று போனேன். அவள் விடவில்லை. "அழிக்காதீங்க. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் மனசு சரியில்லன்னா அதைத்தான் எடுத்துப் படிக்கிறாங்க." நான் இப்போது சமூக சேவகி.

ஏப்ரல் 5, சனி

மூன்றாம் பாகம் வந்தது. அடித்துப்பிடித்து இருவரும் படித்தோம். முடிவு பற்றிச் சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை. சூனியக்காரி தன் மந்திரத்தையெல்லாம் விட்டுக்கொடுத்தது சரி என்கிறாள் அவள். சுத்தப் பைத்தியக்காரத்தனம், பிழைப்புக்கு என்ன செய்வாள் என்றேன் நான். இவர் நடுவில் மாட்டிக்கொண்டு, "முதல்ல சாப்பிடுங்க, அந்தம்மா எப்படியாவது பிழைச்சுக்குவாங்க" என்றார்.

நான் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தேன். சற்றுமுன் பார்த்தால் கீழே அவள் எழுதியிருக்கிறாள்:

"அஞ்சு நட்சத்திரம். மேல மூணு போட்டிருக்கிறது எங்க வீட்டு ஆள்தான். அவங்க சொல்றதை நம்பாதீங்க. கடைசி அத்தியாயத்தைக் குளியலறைல தண்ணியைத் திறந்துவிட்டுட்டுப் படிச்சாங்க. அழுதது எங்களுக்குக் கேக்கலைன்னு நினைச்சுட்டிருக்காங்க."

நான் ஒன்றும் அழவில்லை. மறுப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். "எங்க வீட்டு ஆள்" என்ற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

மூன்றை நாலாக மாற்றினேன். ஐந்து தரமாட்டேன். முடிவில் ஓட்டை இருக்கிறது, இருக்கத்தான் செய்கிறது.