சுரண்டாமல் விட்ட கை

கூட்டாளி,

"இந்த டின்ன தூக்கிப் போட்டுடட்டுமா மாமா?" என்று காலையில் மருமகள் கேட்டாள். துருவேறிய தகரத்தின் வாடை பட்டதும் உன் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எழுதும்போதே போனையும் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் ஷூ கம்பெனியில் தைக்கிறவள். நாம் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றிவிட்டது. ஆர்டர் நின்றுபோய், பத்து நாளாகக் கம்பெனி பஸ் வரவில்லை. இனி வேலை உண்டா இல்லையா என்று இன்று சொல்வார்களாம்.

மழை பொய்த்த அந்த வருஷம் காவாந்தண்டலம் ஏரியில் நீயும் நானும் மண் சுமந்தோம். கூலியாகக் கோதுமையும் சமையல் எண்ணெயும் அதே அமெரிக்காவிலிருந்து வந்தன. எண்ணெய் வந்த இந்த டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். நம் சேரிக்காரன் கையை அந்நாளில் யார் தொட்டார்கள்? "தோ பார்றா, அமெரிக்காக்காரன் நம்ம கைய தொட்டுக்கினு கீறான்" என்று சிரித்தாய்.

பிறகு பங்களாதேஷ் சண்டை வந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் நம்மை மிரட்ட வங்கக்கடலுக்கு வருகிறது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. "இன்னாடா, உன் மாமியார் வூட்டுக் கப்பல் வருதாமே, சீர் வாங்கப் போலியா?" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. பட்டாளத்தில் இருந்த உன் தம்பியிடமிருந்து அப்போது கடிதமே இல்லை.

நேரே வீட்டுக்குப் போய், ஓட்டாஞ்சில்லால் அந்தப் படத்தைச் சுரண்டினாய். ஒரு கை அழிந்தது.

"அவன் கை இதுல எதுடா?" என்றேன்.

உற்றுப் பார்த்தாய். மிச்சமிருந்த கையும் அழிந்த கை மாதிரியேதான் இருந்தது.

"நம்ம கைய அழிச்சிட்டேன் போல கீதே" என்று சில்லைக் கீழே போட்டாய். பிறகு, "எண்ணெ அனுப்பனவன் வேற, கப்பல் அனுப்பனவன் வேறயா இருப்பான்டா" என்றாய்.

தம்பி நல்லபடியாகத் திரும்பினான். ஆனாலும் டின்னை என் தலையில் கட்டிவிட்டாய். அந்த நாட்டைப் பற்றி அப்புறம் நீ நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை.

இதோ, போன் வந்தது. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். "இனிமே பஸ் வராது மாமா."

எழுந்துபோய் வாசலில் ஒரு ஓட்டுத்துண்டைப் பொறுக்கி வந்தேன். மிச்சமிருந்த கையின் மேல் வைத்து அழுத்தினேன்.

"இது யார் கை மாமா?" என்றாள்.

அவள் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கே அமெரிக்காவில் யாரோ நடக்கிறார்கள். வரி போட்டவன் அவர்களைக் கேட்டா போட்டான்?

துண்டை எறிந்துவிட்டேன். டின் இருக்கட்டும், அரிசி கொட்டி வை என்றேன். கோபம் மட்டும் இன்னும் கையிலேயே இருக்கிறது, கூட்டாளி. எங்கே வைப்பது என்று நீயும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாய்.