அம்மா பெரட்டில் வாயைத் திறந்து காட்டினாள்

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டம்,
12.2.1961

அன்பு மகள் பிரேமாவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், இந்தத் தடவை அதை மனசறிந்து எழுதுகிறேன். நீயும் லண்டன் குளிரில் நல்லபடியாக இருக்கணும். நர்ஸ் பரீட்சை பாஸான சேதி வந்ததும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். இனி ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. பரீட்சை முடியும்வரை உனக்கு எழுதக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள், கோபப்படாதே.

பக்கத்து வீட்டு இராசாத்தி வாயில் புற்று வந்து செத்த பிறகு, மூணு வாரத்தில் ஆறாத புண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டணும் என்று எழுதினாயே, அப்போதே அம்மா கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருந்திருக்கிறது, வெற்றிலை புகையிலை அடக்கும் இடத்தில். தோட்டத்து மருந்துக்கொட்டகை டிரசர் ரெண்டு தடவை ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். மூணாம் தடவை மருந்து வேண்டாம், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுங்கள் என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். பினாங்கில் புற்றுதான் என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள், ஆரம்பத்திலேயே வந்ததால் பிழைத்தாய் என்றாராம் டாக்டர். கன்னம் கொஞ்சம் உள்ளே இழுத்திருக்கிறது, பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது.

அதோடு விட்டாளா உன் அம்மா? வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து தழும்பைக் காட்டினாள். புகையிலையை விடுங்கள், வாயில் புண் இருந்தால் மறைக்காதீர்கள் என்றாள். அய்யாவு கங்காணி சிரித்தார். அவரைத் தாண்டிப் போய்த் துரையிடம், எல்லாரையும் ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு நாள் லோரி வேண்டும், அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று கேட்டாள். இத்தனை பேர் போனால் பால் யார் எடுப்பது என்றார் துரை. அம்மா நிதானமாகச் சொன்னாள், "இராசாத்தி வெட்டுன மர நிரை நாலு மாசம் சும்மா கெடந்துச்சே தொரை, அந்தப் பாலை யாரு எடுத்தா? அவ மக பள்ளிக்கூடத்தை விட்டுட்டுத் தம்பி தங்கச்சிக்குச் சோறாக்குது. ஒரு நாள் பால் போனாப் போகட்டும்."

அடுத்த வாரம் லோரி வந்தது. பத்தொன்பது பேர் ஏறினார்கள், கடைசியாக அய்யாவு கங்காணியும். மூணு பேருக்கு ஆரம்பப் புற்று, அவரும் அதில் ஒருத்தர். மூவருக்கும் வைத்தியம் நடக்கிறது, பிழைத்துவிடுவார்கள் என்கிறார்கள். கங்காணி பெண்சாதி நேற்று வந்து அம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாமல் போச்சே மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த கடிதத்தை அம்மா பெயருக்கே எழுது, பெண்கள் எதையெதைக் கவனிக்கணும் என்று விவரமாக, அவள் பெரட்டில் வாசிக்கச் சொல்வாள். படித்த படிப்பு நாலு பேர் உயிருக்கு உதவ, நீ நூறு வயசு நன்றாக இருக்கணும்.

இதோடு அம்மா போட்டோ வைத்திருக்கிறேன். படக்காரர் அந்தக் கன்னம் தெரியாமல் திரும்பி உட்காரச் சொன்னார். அவள் திரும்பவில்லை.

உன் அப்பா,
பக்கிரிசாமி